ஒன்றரைச் சுற்று

கோவிந்தராஜ் வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அது வாசலைத் தாண்டாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, குக்கர் கைப்பிடி, எதிர்வீட்டு சுஷ்மாவின் கீசர், எல்லாம் அவர் கைக்குத்தான் வரவேண்டும். அவரைக் கேட்காமல் கடையில் கொடுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். புணேயில் தாபோடி ராணுவப் பொறியியல் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகிறது. “மாலையப் போட்டு அனுப்பிச்சாங்க, கையக் கழட்டியா வாங்கிக்கினாங்க?” என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், மருமகனின் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து, கேலரி என்று சொல்லும் பால்கனியில் சாத்திவிட்டு, எட்டு நாள் அதன் பக்கமே திரும்பவில்லை.

ஆடி மாதம். தாபோடியில் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய குடியிருப்பின் சுவரெல்லாம் பாசி. கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. மருமகன் ஜெயந்த் செத்து, சைக்கிள் வந்த அன்றைக்கு இருபத்துமூன்று நாள்.

சைக்கிளோடு உள்ளே நுழைந்தவரை மனைவி பவுன் நிலைப்படியிலேயே மறித்தாள்.

“இத்த எதுக்குங்க எடுத்துக்கினு வந்தீங்க? அங்கியே எங்கனா போட்டுட்டு வர்றதுதான?”

“கோர்ட்டுல கேட்டா காட்டணுமாம். போலீஸ்ல கையெழுத்து வாங்கிக்கினுதான் குடுத்தான். எதையும் மாத்தக்கூடாதுன்னு சொன்னான்.”

“காட்டணும்னா அவனே வெச்சிக்கிறது. எம்பொண்ணு கண்ணுல இது பட்டா அவ இன்னாத்துக்கு ஆவா?”

பொண்ணு ஏற்கெனவே பார்த்துவிட்டாள். வைஷு உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சைக்கிளைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஹடப்சரில் புருஷனோடு இருந்த ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குப் படுக்கைதான். சுஷ்மா காலையில் ஒரு தட்டு அவல் போஹா கொண்டுவந்து வைத்தால் நாலு வாய் கொறிப்பாள். அம்மா சமைத்ததைத் தொடமாட்டாள். ‘எதிர்வீட்டுக்காரி போட்டாத்தான் எறங்குது, பெத்தவ போட்டா எறங்க மாட்டேங்குது’ என்று பவுன் அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள்.

நடந்தது இதுதான். ஜெயந்துக்கு ஹடப்சரில் ஐ.டி. வேலை. அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்து சைக்கிள் கிளப் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பி, கோண்ட்வா தாண்டி போப்தேவ் மலைப்பாதையில் ஏறி, உச்சியில் மிசள் பாவும் டீயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த ஞாயிறு மூன்றாவது வளைவில் ஜெயந்த் சைக்கிளோடு வலது பக்கம் சாய்ந்து ரோட்டில் விழுந்தான். பின்னால், மார்க்கெட் யார்டில் பட்டாணியை இறக்கிவிட்டு சாஸ்வட் பக்கம் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டெம்போ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. முப்பத்தொரு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம்.

கிளப்காரர்கள் எல்லோரும் அடுத்த வளைவுக்குப் போயிருந்தார்கள். சத்தம் கேட்டுத் திரும்பி வந்தபோது அவர்கள் கண்டது டெம்போவையும் அதன் அடியில் கிடந்தவனையும்தான். டிரைவர் சோபானை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்: நான் இடிக்கவில்லை, அந்தத் தம்பி தானாக விழுந்தார், பெடல் திடீரென்று நின்றுவிட்டது, என் கண்ணால் பார்த்தேன். டெம்போக்காரன் வேறு எப்படிச் சொல்வான்? யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தபோது கோவிந்தராஜ் போய்ப் பளாரென்று ஒரு அறை விட்டார். அவன் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை.

அந்த அறைதான் இப்போது அவருக்கு உள்ளங்கையில் எரிந்துகொண்டிருந்தது. ஏனென்றால் போலீஸ் சௌக்கியில் சைக்கிளை வாங்கப் போன அன்று அவர் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டார்.

ஹவல்தார் நல்ல மனுஷன், சித்தப்பா முறை வைத்து ‘காகா’ என்றுதான் கூப்பிட்டார். “விழுந்த வேகத்துல செயின் சிக்கிக்கிச்சு காகா, சக்கரம் உருளாது, தூக்கிக்கிட்டுத்தான் போகணும்” என்று மராத்தியில் சொன்னார். போலீஸ் எழுதிய பஞ்சநாமா அறிக்கையிலும் அப்படியே இருந்தது. ஆனால் விழுந்த வேகத்தில் செயின் அந்த இடத்துக்குப் போகாது. பின்னால் ஒன்பது பல்சக்கரங்கள் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய சக்கரத்துக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் செயின் இறங்கி ஆணி அடித்ததுபோல இறுகிக் கிடந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போது கியரைப் போட்டு, செயின் பெரிய பல்லையும் தாண்டி வழுக்கி விழுந்தால்தான் அங்கே போகும். அப்படித் தாண்டாமல் தடுப்பதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அந்த ஸ்க்ரூவில் கடைசியாகக் கை வைத்தவர் கோவிந்தராஜ்.

தப்பு எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

விபத்துக்கு முந்தைய ஞாயிறு அவர் ஹடப்சர் போயிருந்தார். மனபா பஸ் நிலையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஒரு கையில் பவுன் கொடுத்த கறிக்குழம்பு டப்பா, இன்னொரு கையில் டூல்ஸ் பை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இப்படிப் போய்விடுவார். காரணம் இருந்தது. கல்யாணம் பேசியபோது கோயம்புத்தூர்க்காரர்கள், “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ண மட்டும் அனுப்பி வைங்க, போதும்” என்று சொல்லிவிட்டார்கள். பவுன் பூரித்துப்போனாள். கோவிந்தராஜுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரே பொண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா? அதனால் கையையே சீராகக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த ஃப்ளாட்டில் அவர் முடுக்காத ஸ்க்ரூ கிடையாது.

அன்றைக்குக் குழாயில் வாஷர் மாற்றி முடித்தபோது ஜெயந்த் தயங்கிக்கொண்டே வந்தான்.

“மாமா, சைக்கிள்ல ஒரு சின்னப் பிரச்சினைங்க. கடைசிக் கியர்ல செயின் ஏற மாட்டேங்குதுங்க. மேட்டுல அதுதானுங்க வேணும். புது வண்டிக்குக் கேபிள் தளரும்னு சொல்றாங்க. கடைல காட்டிக்கட்டுங்களா?”

“கடையா? நான் இன்னாத்துக்குக் கீறன்? எடுத்துக்கினு வா மாப்ள.”

“இல்லீங்க மாமா, கியர் சைக்கிள் உங்களுக்குப் பழக்கம் இருக்குதோ என்னமோன்னு…”

“அரே! டேங்கு கியர் பொட்டியவே பிரிச்சவன்யா நானு. இது எம்மாத்திரம்?”

பால்கனியில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பின்சக்கரத்தடியில் தொங்கிக்கொண்டு செயினை இங்கும் அங்கும் தள்ளும் அந்தக் கையை ‘டிரெய்லர்’ என்றான் ஜெயந்த். அதில் எச் என்றும் எல் என்றும் எழுதிய இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினான். “அத்த உள்ள வை மாப்ள, படிச்சிட்டா வேல கத்துக்கினோம்?” என்று ஒதுக்கிவிட்டார். பெரிய பல்லில் ஏறாமல் ஏதோ தடுக்கிறது, தடுப்பது எல் ஸ்க்ரூவாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. அரைச்சுற்று தளர்த்தினார். ஏறவில்லை. இன்னும் அரை. ஏறவில்லை. இன்னும் அரை. ம்ஹூம். அப்புறம்தான் பார்த்தார், கேபிள் தொளதொளவென்று கிடந்தது. கேபிள் நுனியில் இருந்த திருகை நாலு சுற்று இறுக்கியதும் செயின் படக்கென்று பெரிய பல்லில் ஏறி உட்கார்ந்தது. ஜெயந்த் கை தட்டினான். அதே நேரம் வைஷு உள்ளேயிருந்து, “சாப்பாடு ஆறுது, வாங்க” என்று கூப்பிட்டாள். கோவிந்தராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எல் ஸ்க்ரூவைத் திருப்பி அதன் பழைய இடத்தில் வைக்கவில்லை. ஒன்றரைச் சுற்று.

முப்பத்தாறு வருஷத்தில் அவர் கீழே வேலை பார்த்த பையன்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், எதைத் தளர்த்தினாலும் எழுந்திருக்கும் முன்னால் எண்ணிப் பார் என்று. தானே எண்ணவில்லை. மருமகன் கை தட்டிய சந்தோஷத்தில் மறந்துபோனார்.

அந்த வாரம் தினமும் போன் செய்தார். “எப்டி கீது மாப்ள கியரு?”

“அருமையா இருக்குதுங்க மாமா. ஒண்ணும் கொறை இல்லீங்க.”

சனிக்கிழமை அவரும் பவுனும் போனபோதும் செருப்பைக் கழற்றியவுடன் அதைத்தான் கேட்டார். ஜெயந்த் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மறுநாள் காலை போய்ச் சேர்ந்துவிட்டான்.

சைக்கிள் கேலரிக்கு வந்த அந்த எட்டு நாளும் கோவிந்தராஜ் என்ன செய்தார் என்று பவுனுக்குத் தெரியாது. பால் வாங்கிவருகிறேன் என்று கிளம்பி பிம்ப்ரியில் ஒரு கியர் சைக்கிள் கடை வாசலில் போய் நிற்பார். நாலாவது நாள் அந்த மெக்கானிக்கே கேட்டான், “காகா, வண்டி வாங்கணுமா?” இவர் மென்று விழுங்கி, எல் ஸ்க்ரூ எதற்கு என்று கேட்டார்.

“அதுதான் காகா எல்லை. முதல்ல எல்லையை வைக்கணும், அப்புறம்தான் கேபிளைத் தொடணும். சில பேர் வீட்டுலயே நோண்டிட்டு வருவாங்க. ஸ்டாண்டுல எல்லாம் சரியாத்தான் ஓடும். மேட்டுல எழுந்து நின்னு மிதிக்கும்போது செயின் கம்பிக்குள்ள போகும். ஆளு காலி.”

மெக்கானிக் கையால் சாய்த்துக்கூடக் காட்டினான். கோவிந்தராஜ் ரயில்வே பாலத்துக்கு அடியில் வந்து நின்று மழைக்கு ஒதுங்கியவர்களோடு ஒருவராக அழுதார். எல்லோர் முகமும் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பார். யாரிடம் சொல்வது? ‘உன் புருஷனைக் கொன்னது நான்தான்’ என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, “நீங்க அவன சொந்தப் புள்ளையாட்டப் பாத்தீங்கண்ணா” என்று கையைப் பிடித்துக்கொண்டு கதறிய ஜெயந்தின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலிருந்தால் சோபான். அவனுக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. ஆனால் வண்டி சௌக்கியில், லைசென்ஸ் போலீஸிடம், கேஸ் கழுத்தில்.

எட்டாவது நாள் அவனே வந்துவிட்டான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். கதவைத் திறந்தால் சோபான் நனைந்துபோய் நிற்கிறான். நாற்பது வயதிருக்கும். இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. கிளப்காரர்கள் கொடுத்தது. கூடத் தலையில் முக்காடு போட்ட அவன் மனைவி. அவன் கோவிந்தராஜின் காலைத் தொடப் போனான். இவர் பதறி இரண்டடி பின்னால் போனார்.

“காகா, மீ காஹி நாஹி கேலம்,” என்றான். நான் ஒன்றும் செய்யவில்லை என்று மறுபடி மறுபடி மராத்தியில் சொன்னான். “நான் தூரத்துலதான் வந்தேன் காகா. தம்பி எழுந்து நின்னு மிதிச்சிக்கிட்டிருந்தாரு. டக்குன்னு பெடல் நின்னுது. அப்படியே என் பக்கம் சாஞ்சாரு. பிரேக்கைக் காலால உடைச்சேன் காகா, மழை, வண்டி நிக்கல. நீங்க அடிச்சது எனக்குக் கோபம் இல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அடிப்பாரு. ஊர்ல என் பொண்ணைப் பார்த்து ‘உங்கப்பன் ஆளைக் கொன்னவன்’னு சொல்றாங்க. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. கோர்ட்டுல நீங்க எனக்காகப் பேசவேண்டாம். நீங்க ஒருத்தர் என்னை நம்பினாப் போதும்.”

அதற்குள் பவுன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். முப்பது வருஷம் புணேயில் இருந்தும் அவளுக்கு மராத்தி கடைகண்ணி அளவுக்குத்தான் வரும். திட்டுவதெல்லாம் தமிழில்தான்.

“பாவி! எம்பொண்ணு தாலிய அறுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு எங்க வாசப்படி மிதிக்கிற? உன் குடும்பம் வெளங்குமா? நாசமாப் போயிடுவ! இன்னாங்க பாத்துக்கினு நிக்கிறீங்க, கதவச் சாத்துங்க!”

சோபானுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தேவையிருக்கவில்லை. அவன் மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கோவிந்தராஜ் கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை நின்றார். திரும்பினால் வைஷு. உள்ளறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பவுன் காய்கறிக் கடைக்குப் போனாள். வைஷு தூங்குகிறாள் என்று நினைத்து கோவிந்தராஜ் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கேலரிக்குப் போனார்.

என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தப்பை அழித்துவிடவேண்டும் என்ற பயமும் இருந்தது. தப்பாக இருக்கும் ஒரு சாமானைச் சரி பண்ணாமல் கண்ணெதிரில் வைத்திருக்க முடியாத பாழாய்ப்போன குணமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவர் கையை நடத்தின.

சைக்கிளைக் கவிழ்த்தார். சிக்கிய செயினை ஒரு பக்கம் மரக்கட்டையால் நெம்பி, கம்பி ஒன்றுகூட வளையாமல் கண்ணி கண்ணியாக வெளியே எடுத்தார். அதற்கே அரைமணி நேரம் ஆனது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயினைத் துடைத்தார். மலைப்பாதையின் செம்மண் இன்னும் அதில் இருந்தது. டிரெய்லர் கையின் வெளிப்பக்கம் தார் ரோட்டில் தேய்ந்திருந்தது, மற்றபடி உடையவில்லை. முதலில் செயினைச் சின்னப் பல்லில் விட்டு எச் ஸ்க்ரூவைப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம் டிரெய்லரைக் கட்டைவிரலால் பெரிய பல்லுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எல் ஸ்க்ரூவைத் திருகினார். அரை. இன்னொரு அரை. இன்னொரு அரை. ஒன்றரைச் சுற்றில் டிரெய்லர் பெரிய பல்லுக்கு நேர் கீழே வந்து நின்றது. எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் மயிரிழை நகரவில்லை.

அதன்பிறகுதான் கேபிள். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே லீவரை ஒரு தட்டு தட்டினார். செயின் அடுத்த பல்லில் ஏறத் தயங்கி கரகரவென்றது. கேபிள் திருகை கால் சுற்று இறுக்கினார். மறுபடி ஒரு தட்டு. இப்போது ஏறியது, ஆனால் அதற்கடுத்த பல்லை லேசாக நக்கியது. கால் சுற்றில் பாதி தளர்த்தினார். கரகரப்பு அடங்கியது. ஒரு தட்டுக்கு ஒரு பல். மூன்று, நாலு, ஐந்து. ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, தயக்கமே இல்லை. ஒன்பதாவது பல்லில் செயின் ஏறி அமைதியாக ஓடியது. வேலை அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் வந்திருக்கவேண்டிய வேலை.

“உரசல.”

கோவிந்தராஜ் திடுக்கிட்டுத் திரும்பினார். வைஷு கேலரிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

“இன்னாமா?”

“பெரிய பல்லுக்குப் போறப்போ கம்பியில உரசும். டிக் டிக்னு. இப்ப உரசல.”

அவர் கை பெடலிலேயே நின்றது. “உனக்கு எப்டிம்மா தெரியும்?”

வைஷு தரையில் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். சைக்கிள் நடுவில் இருந்தது.

“நீ சரி பண்ணிட்டுப் போன மறுநாளே அவரு சொன்னாரு. ‘கியர் ஏறுது வைஷு, ஆனா கடைசில கம்பில இடிக்கற மாதிரி இருக்கு, கடைல காட்டணும்’னு.”

“எங்கிட்ட சொல்லலியே! தினம் போன் பண்ணிக் கேட்டனே!”

“உங்கிட்ட எப்டிப்பா சொல்லுவாரு?” அவள் குரல் உயரவில்லை. “உனக்குத் தெரியுமா, எங்க வீட்டுல கொழா ஒழுகுனா அவருக்கே வாஷர் மாத்தத் தெரியும். அவங்க அப்பா பட்டறையில வளந்தவரு. வேணும்னே வுட்டு வெப்பாரு. ‘மாமா சண்டே வருவாரு, அவருக்கு ஏதாச்சும் வேலை இருக்கட்டும். இல்லாட்டி டூல்ஸ் பையத் தூக்கிட்டு வந்து சும்மா உக்காந்திருப்பாரு, பாவம்’னு சொல்லுவாரு. நாலு சண்டேக்கு வர்ற மாதிரி லிஸ்டே வெச்சிருந்தாரு.”

கோவிந்தராஜ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கை முழுக்க கிரீஸ்.

“மொதல்ல கேளு. ஃப்ரைடே ஆபீஸ்லருந்து வந்து சைக்கிள எடுத்துட்டு கடைக்குக் கெளம்பிட்டாரு. லிஃப்ட் வரைக்கும் போயிட்டாரு. நான்தான்ப்பா வேணாம்னு கூப்ட்டேன். சாட்டர்டே நீயும் அம்மாவும் வர்றீங்க. நீ வந்ததும் சைக்கிள் எங்கன்னுதான் கேப்ப. கடையில கீதுன்னு சொன்னா உன் மூஞ்சி எப்டி ஆவும்னு எனக்குத் தெரியாதா? மண்டே குடுத்துக்கலாம், ஒரு சண்டேதானன்னு சொன்னேன்.” மூச்சு வாங்கினாள். “நான்தான் சொன்னேன், ஒரு சண்டேதானன்னு.”

“ஐயோ, நீ இன்னா பண்ணுவம்மா. ஸ்க்ரூவ வுட்டுட்டு வந்தவன் நானு. உம்மேல இன்னா தப்பு?”

“இந்தச் செயின் மாட்டிக்கினு கெடந்தத நீ தூக்கிட்டு வந்தன்னிக்கே பாத்தேன். உம் மூஞ்சியும் பாத்தேன். உனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சி. இன்னிக்கி சொல்லுவ, நாளைக்கி சொல்லுவன்னு பாத்துக்கினே படுத்திருந்தேன். நேத்து அந்த ஆளு வந்து நின்னாரே, இப்ப சொல்லிடுவன்னு நெனச்சேன். நீ கதவச் சாத்துன.”

“நீயும் சொல்லலியேம்மா.”

“எப்டி சொல்றது? சொன்னா அம்மா உன்ன இன்னா பண்ணுவா? கோயமுத்தூர்ல அத்த உன்னப் பத்தி இன்னா நெனப்பாங்க? அவரு போயிட்டாரு, நீயாவது இருக்கணுமே.” அப்போதுதான் அவள் அழுதாள். இருபத்துமூன்றும் எட்டுமாக முப்பத்தோரு நாளில் அப்பா எதிரில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். கோவிந்தராஜ் எழுந்து போய் அவளைத் தொடப் பார்த்தார். கையில் கிரீஸ் இருந்ததால் முழங்கையால் அவள் தலையை இழுத்து மார்பில் சாய்த்துக்கொண்டார். கீழே லோணாவளா லோக்கல் ஒன்று தடதடத்துப் போனது.

துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார். “சாயந்தரம் சௌக்கிக்குப் போறேன்மா. எல்லாத்தையும் சொல்லிடறேன். அந்த ஆளு மேல கேஸ் இருக்கக்கூடாது. நான் கை நீட்டி வேற அடிச்சிட்டேன் அவன.”

வைஷு முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைப் பார்த்தாள். “எத்தக் காட்டிச் சொல்லுவ? நீதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டியே. ‘டெம்போக்காரன் காசு குடுத்துட்டான், மாமனாரு மாத்திப் பேசுறாரு’ன்னு சொல்லுவாங்க.”

கோவிந்தராஜுக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரமாக அவ்வளவு பக்குவமாக அவர் செய்த வேலை, அந்த சோபானுக்கு இருந்த ஒரே சாட்சியைத் துடைத்து எடுத்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“பிரிச்சத நானே சொல்லிடறேன். எப்டி இருந்துச்சோ அப்டியே வெச்சிக் காட்டறேன். எத்தினி சுத்துன்னு எனக்குத் தெரியும். நீ உள்ள போம்மா.”

“நான் பெடல் சுத்தறேன்.”

“வேணாம்மா. சொன்னாக் கேளு.”

“நான் சுத்தறேன்ப்பா.”

அவர் எல் ஸ்க்ரூவில் டிரைவரைப் பொருத்தினார். வாழ்நாளில் தெரிந்தே ஒரு சாமானைக் கெட்டதாக ஆக்கியதில்லை. கை திருகவே மறுத்தது. அரைச்சுற்று தளர்த்தினார். இன்னொரு அரை. கண் மறைத்தது, தோளில் துடைத்துக்கொண்டார். கடைசி அரை.

“சுத்து.”

வைஷு பெடலைச் சுற்றினாள். அவர் லீவரைத் தட்டினார். ஆறு. ஏழு. எட்டு. ஒவ்வொரு பல்லிலும் செயின் வழுவழுவென்று ஏறியது. ஒன்பதில் கம்பியில் டிக் டிக்கென்று உரசியது. அவள் நிறுத்தவில்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவனின் வேகம் வரவேண்டும் என்பதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திச் சுற்றினாள். அவர் லீவரைக் கடைசிவரை தள்ளினார். செயின் பெரிய பல்லைத் தாண்டி இடுக்கில் விழுந்தது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அவள் கையில் பெடல் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை.

“இவ்ளோதானாப்பா சத்தம்?”

“இவ்ளோதாம்மா.”

அவள் பெடலை விடவேயில்லை. வாசல் மணி அடித்தது. கோவிந்தராஜ் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். குடையை மடக்கிக்கொண்டு நின்ற பவுன், அவர் முகத்தில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்துப் பதறி, “இன்னாங்க இது கோலம்?” என்றாள்.

“பையக் கீழ வெச்சிட்டு உள்ள வந்து உக்காரு பவுனு,” என்றார். “ஒண்ணு சொல்லணும்.”